சட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்கு: வகுப்பா, நீதிமன்ற வாங்கா?

உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பல மாதங்கள் சும்மா கிடக்கின்றன. சட்டம் படிக்க விரும்பும் பிள்ளையின் வீட்டில் அப்போது ஒரு யோசனை எழும்: சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வு வகுப்பில் சேர்த்துவிடுவோமா? சேர்ப்பதற்கு முன், நீதிமன்றத்தில் பொதுமக்கள் இருக்கும் வாங்கையும் அதனருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரி கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. அதன் நுழைவுத்தேர்வு பார்ப்பது மொழித்திறனையும் பொது அறிவையும் நுண்ணறிவையும்தான். ஆகவே வகுப்பில் கிடைப்பது பழைய வினாத்தாள்களும் நேரத்துக்குள் எழுதும் பழக்கமும். தேர்வு எழுதத் தீர்மானித்த பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் இசட் புள்ளியால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறைக்கோ கொழும்புச் சட்ட பீடத்துக்கோ போகக்கூடிய பிள்ளைக்கு இந்தத் தேர்வே தேவையில்லை. சட்டமாணிப் பட்டம் பெற்றவர்கள் நுழைவுத்தேர்வு இல்லாமலே சட்டக் கல்லூரியில் பதிந்து, மிச்சப் பரீட்சைகளை எழுதிச் சட்டத்தரணியாகலாம். எந்த வாசலால் போவது என்று தெரியாமல் கட்டணம் கட்டும் பெற்றோரைப் பார்க்க மனம் கனக்கிறது.

இனி அந்த வாங்கு. நீதிமன்ற அமர்வுகள் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை. யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை எங்கேயும் ஒரு பிள்ளை மரியாதையாக உடுத்து, கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டுப் போய் இருக்கலாம். எல்லை வேலியும் கிணற்றுப் பாதையும் பொலிஸ் வரை போய், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் காணித் தகராறு வழக்காக வந்து நிற்பதைக் காணலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை உயிரோடு காண்பதும் இங்கேதான். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டப்படி, மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் வெளிநாட்டில் தொடர்பற்றுப் போயிருந்தால், அல்லது போரில் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், நொத்தாரிசு உறுதி எழுதமாட்டார். அவள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும். தன் பெயரில் உள்ள நிலத்துக்காக ஒரு பெண், நீதிபதி முன் நிற்பதைப் பார்த்த பிள்ளைக்குச் சட்டம் யாரை எப்படித் தொடுகிறது என்று தெரிந்துவிடும். அதன் பிறகும் இதைத்தான் படிப்பேன் என்றால், அந்த ஆசையை நான் நம்புவேன்.

வாங்குக்கும் குறை உண்டு. காலை முழுக்கத் தவணை போடுவதை மட்டும் கேட்டுவிட்டு வர நேரலாம். விளக்கிச் சொல்ல ஒரு சட்டத்தரணி இல்லாவிட்டால் பாதி புரியாது. பார்ப்பது மட்டும் எழுதும் பயிற்சியைத் தந்துவிடாது.

உண்மையான வழக்குகளையும் எழுத்துப் பயிற்சியையும் சேர்த்த முறை வேறிடத்தில் உண்டு. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய சட்டக் கல்வி வாய்ப்பு மன்றம், வசதி குறைந்த, சிறுபான்மை மாணவர்களுக்குக் கோடையில் ஆறு வாரப் பயிற்சி நடத்தியது. சட்டப் பள்ளி ஆசிரியர்களே வந்து, தீர்ப்புகளை வாசிக்கவும் வாதத்தை எழுதவும் பழக்கினார்கள். நம் வகுப்புகளில் நான் தேடுவது அதைத்தான்.

இங்கே இன்னும் முக்கியம் மொழி. வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ்; மேன்முறையீடு கொழும்புக்குப் போனால் பெரும்பாலும் ஆங்கிலம். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. பரீட்சையில் தமிழ் தப்பியது நல்லதே; ஆனால் மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. இந்த மாதங்களில் ஒரு தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்து அதன் சாரத்தைத் தமிழில் எழுதிப் பழகுகிற பிள்ளை முதலாம் வருடத்தில் திணறாது. வகுப்பில் சேர்க்கிறவர்கள் பணம் கட்டுமுன் நடத்துகிறவரிடம் கேட்கவேண்டும்: பிள்ளைகளுக்கு எத்தனை தீர்ப்புகள் வாசிக்கக் கொடுப்பீர்கள், அவர்கள் எழுதியதை யார் திருத்தித் தருவார்?