கைப்பிடி இல்லாக் கதவு

கதவுக்குக் கைப்பிடி வேண்டுமா என்று கேட்டால் நேயர்கள் நகைப்பீர்கள். ஆயினும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் இவ்வினா மெய்யாகவே எழுந்தது. மோட்டார் கார்களைத் தம் மனம்போல் உருமாற்றுவது அங்கே ஒரு கலையாக வளர்ந்திருந்தது. அக்கலையில் பெயர் பெற்றவர்கள் ஜார்ஜ், சாம் என்னும் பாரிஸ் சகோதரர்கள். 1951-ஆம் ஆண்டு மெர்குரி கார் ஒன்றை, பாப் ஹிரோஹாடா என்பவருக்காக 1952-இல் அவர்கள் மாற்றியமைத்தது இன்றும் போற்றப்படுகிறது.

இத்தகைய வண்டிகளில் வெளிக் கைப்பிடிகளை அகற்றித் துளைகளைத் தகட்டால் அடைத்தனர். ஈயம் உருக்கிப் பூசி, அராவி மெருகிட்டனர். மறைவான பொத்தானை அழுத்தினால் மின்காந்தம் கதவின் தாழை விடுவிக்கும். உடலின் நீண்ட கோடு எங்கும் தடைப்படாமல் ஓடும். அந்த எழிலை யாரே மறுப்பர்!

ஆனால் பாட்டரி வலுவிழந்தால் உடையவரே தெருவில் நிற்பார். முன்னறிவுடையோர் கம்பியிழுப்பு ஒன்றை மறைவாக அமைத்தனர். எனினும், விபத்து நேர்ந்தவுடன் ஓடிவரும் அயலான் அம்மறைவிடத்தை எங்ஙனம் அறிவான்?

2012-இல் வெளிவந்த டெஸ்லா மாடல் எஸ் முதலிய கார்களில் கைப்பிடி உடலோடு ஒடுங்கியபின், பழைய வினா மீண்டும் எழுந்துள்ளது. கைப்பிடி, உடையவனுக்காக மட்டும் அமைந்ததன்று. அவனைக் காக்க நீளும் கைக்காகவும் அமைந்தது.