மூப்பர் என்றொரு பொறுப்பு

சபைத் தேர்தல் நடக்கிற வருஷங்களில் எங்கள் கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு தனிச் சூடு பிடித்துவிடும். பாவூர்ச்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் விலை பேசுகிறவர்கள் அப்படியே சேகரக் கமிட்டிக்கு வந்துவிடுவார்கள். யார் யார் நிற்கிறார்கள், எந்த அணி, பெருமன்றத்துக்கு எத்தனை பேர் போவார்கள், லே செயலர் யார் பக்கம் என்று டீ ஆறுகிற வரைக்கும் பேச்சு ஓடும். ஓட்டு எண்ணி முடித்து வருஷக்கணக்கான பிறகும் முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகளை எனக்குத் தெரியும். கோயில் மேஜையில் முடியவேண்டிய கணக்கு கோர்ட் படி ஏறுவதையும் எல்லோரும் பார்க்கிறோம்.

இந்தக் கமிட்டியும் ஓட்டும் நமக்கு எங்கிருந்து வந்தன என்று இளவட்டங்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. எங்கள் பக்கத்துச் சபைகள் சி.எம்.எஸ். மிஷன் வழி வந்தவை. அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் மரபு, பேராயர் தலைமையில் நடக்கிற சபை. அந்தக் காலத்திலேயே சர்ச் கவுன்சில்கள் இருந்தன என்பதும் உண்மைதான். ஆனால் சாதாரண விசுவாசி ஒருவர் குருவானவரோடு சமமாக உட்கார்ந்து சபையை நடத்துகிற பொறுப்பு வேரோடு வளர்ந்த இடம் வேறு. அது பிரஸ்பிட்டேரியன் சபை. அங்கே அந்தப் பொறுப்புக்குப் பெயர் மூப்பர். ஸ்காட்லாந்தில் வளர்ந்து, சென்னைக்கு வந்து, 1947ல் நம் வீட்டு வாசலுக்கும் வந்த கதை அது.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். கிரேக்க மொழியில் பிரஸ்பிட்டரோஸ் என்றால் மூத்தவர். நம் தமிழ் வேதாகமம் அதை மூப்பர் என்று அழகாகச் சொல்லிவிட்டது. 1560ல் ஜான் நாக்ஸ் காலத்தில் ஸ்காட்லாந்து சபை சீர்திருத்தம் பெற்றபோது, ஒவ்வொரு சபையையும் குருவானவரும் மூப்பர்களும் சேர்ந்த ஒரு குழுவே நடத்தும் என்று ஏற்பாடு வந்தது. அதற்கு மேல் பல சபைகள் சேர்ந்த பிரஸ்பிட்டரி. எல்லாவற்றுக்கும் மேல் எடின்பரோவில் கூடும் பொதுப்பேரவை. பேராயர் என்று தனியாக ஒருவர் கூடாது என்று நெடுங்காலம் போராடி, கடைசியில் அதை நிலைநிறுத்திக்கொண்டார்கள். பேரவைக்குத் தலைமை தாங்குகிறவருக்கு மாடரேட்டர் என்று பெயர். அவருக்கு ஒரே வருஷம்தான். வருஷம் முடிந்தால் இறங்கித் தன் வேலையைப் பார்க்கப் போய்விடவேண்டும்.

மூப்பருக்குச் சம்பளம் கிடையாது. அவர் விவசாயியாக இருப்பார், செருப்புத் தைக்கிறவராக இருப்பார், கடை வைத்திருப்பார். தமக்கென்று ஒதுக்கிய வீடுகளுக்குப் போய் விசாரிப்பது அவர் வேலை. நற்கருணைக்கு முன்னால், ஈயத்தில் வார்த்த சின்ன வில்லைகளைத் தகுதியானவர்களுக்குக் கொடுக்கிற வழக்கம் அங்கே நெடுநாள் இருந்தது. வில்லையைக் கொடுத்தால்தான் பந்தியில் உட்காரலாம். மூப்பர் நம் வீட்டுப் படி ஏறினால் ஏதோ விஷயம் என்று பயம் இருந்திருக்கும். ஆனால் அவரும் தன் குழுவுக்குப் பதில் சொல்லவேண்டியவர்தான். தனியாக எதையும் தீர்மானிக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் யாருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்கிற கேள்வி நம் திருநெல்வேலிச் சீமையையும் ஒரு காலத்தில் இரண்டாக்கியது. 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் ஜெர்மானியர், லுத்தரன் மரபில் வந்தவர். ஊர் ஊராகச் சபைகளும் பள்ளிக்கூடங்களும் அவர் காலத்தில் பெருகின. பேராயரின் கை இல்லாமலும் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளைக் குறைகூறி எழுதவும் செய்தார். 1835ல் சி.எம்.எஸ். அவரோடு உறவை முறித்துக்கொண்டது. உபதேசியார்களில் ஒரு பெருங்கூட்டம் அவர் பக்கம் நின்றது. 1838ல் அவர் பாளையங்கோட்டையில் இறந்தபிறகுதான் பிளவு மெல்ல ஆறியது. அணி சேர்வது நமக்குப் புதிய பழக்கம் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அன்றைய சண்டை ஒரு கொள்கைக்காக நடந்தது.

அதே காலத்தில் சென்னையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் வேரூன்றிக்கொண்டிருந்தார்கள். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் உயர்ந்த கோபுரத்தோடு தெரியும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயில் 1821ல் திறக்கப்பட்டது. அங்கே நிலம் இளக்கம். அதனால் சுட்டமண் உறைகளைக் கிணறு கிணறாக இறக்கி, அந்தக் கிணறுகளின்மேல் கட்டடத்தை எழுப்பினார்கள். உறைகிணறு நம் ஊர் வேலை. ஸ்காட்லாந்துக் கோயில் நம் ஊர்க் கிணறுகளின்மேல் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்தக் கோயில் கம்பெனிக்கார ஸ்காட்லாந்தியருக்காகக் கட்டியது. தமிழருக்கான வேலை 1837ல் தொடங்கியது. அந்த வருஷம் ஜான் ஆண்டர்சன் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1841ல் அந்தப் பள்ளி மாணவர்கள் ராஜகோபால், வெங்கடராமையா இருவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே வருஷம் எத்திராஜுலுவும் சேர்ந்தார். ஊர் கொதித்தது. பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால் பள்ளி ஏறக்குறையக் காலியாயிற்று. ஆண்டர்சன் பின்வாங்கவில்லை. ராஜகோபால் அவரோடு ஸ்காட்லாந்து வரை போய்வந்தார். 1851ல் மூவரும் பிரஸ்பிட்டரி முறையில் குருப்பட்டம் பெற்றார்கள். ஒரு பேராயரின் கையால் அன்று, கூடியிருந்த குருமார் எல்லோருடைய கையாலும்.

பிரஸ்பிட்டரி முறைப்படி குருப்பட்டம் பெற்றவர் அந்தச் சபைக்கூட்டத்தின் உறுப்பினர். கப்பலில் வந்தவருக்கும் ஒரு ஓட்டு, மண்ணடியில் பிறந்தவருக்கும் ஒரு ஓட்டு. மிஷன் பணப்பெட்டியின் சாவி யாரிடம் என்பது வேறு கேள்வி. அதில் சமத்துவம் வர இன்னும் பல தலைமுறை பிடித்தது. ஆனாலும் 1851ஆம் வருஷத்தில் காகிதத்திலாவது ஒரு சமமான ஓட்டு இருந்தது சின்ன விஷயம் இல்லை.

வட ஆர்க்காடு பக்கம் ஸ்கடர் குடும்பத்தார் நடத்திய ஆர்க்காடு மிஷனும் அமெரிக்காவிலிருந்து இதே மூப்பர் முறையைக் கொண்டுவந்தது. அவர்களும், சென்னை ஸ்காட்லாந்துச் சபையும், மதுரை, யாழ்ப்பாணம், திருவிதாங்கூர்ப் பக்கத்துக் காங்கிரிகேஷனல் சபைகளும் சேர்ந்து 1908ல் தென்னிந்திய ஐக்கிய சபையாயின.

இந்த இடத்தில் நம் ஜில்லாக்காரர் ஒருவர் வருகிறார். வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது, ஸ்காட்லாந்து சபையின் பேரவை மண்டபத்தில். மூப்பர்களும் குருமாரும் சமமாக உட்கார்ந்து ஓட்டுப்போடுகிற அந்த மண்டபத்தில் நின்று, மிஷனெரிகள் இந்தியரைச் சமமான நண்பர்களாக நடத்தவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொன்னார் அசரியா. 1912ல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று பேர் கூடினார்கள். இருவர் தவிர எல்லோரும் இந்தியர். அசரியாவும் இருந்தார். ஐக்கிய சபைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் வெளியிட்ட அறிக்கை மூன்று அம்சங்களைச் சொன்னது. ஒவ்வொரு விசுவாசிக்கும் கடவுளிடம் நேரடி வழி உண்டு என்பது காங்கிரிகேஷனல் அம்சம். பிரதிநிதிகள் கூடிச் சபையை ஒழுங்குபடுத்துவது பிரஸ்பிட்டேரியன் அம்சம். நிர்வாகத் தலைமை ஒருவரிடம் இருப்பது பேராயர் அம்சம். மூன்றும் வேண்டும், ஒன்றை ஒன்று விழுங்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

எழுதியது சுலபம், நடத்த 28 வருஷம் ஆயிற்று. பேராயர் கை படாத குருவானவரை ஏற்பதா என்று ஆங்கிலிக்கன்களுக்குக் கவலை. பேராயர் வந்தால் மூப்பர் முறை செத்துப்போகும் என்று ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் கவலை. அசரியா 1945 புத்தாண்டு நாளில் இறந்துபோனார், ஐக்கியத்தைக் காணாமலே. 1947 செப்டம்பர் 27ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இருந்த குருமார் அனைவரையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் குருப்பட்டம் பேராயர் கையால், ஆனால் மற்றக் குருமாரும் கூடவே கை வைப்பார்கள். குருவானவரின் அதிகாரப்பூர்வமான பெயரே பிரஸ்பிட்டர். சபையின் தலைமைப் பேராயருக்கு மாடரேட்டர் என்ற ஸ்காட்லாந்துப் பெயர். பேராயரை யாரோ கடல்கடந்து நியமிப்பது போய், பெருமன்றம் ஓட்டுப்போட்டுப் பெயர் அனுப்புகிற முறை வந்தது. கீழப்பாவூரில் நாம் போடுகிற ஓட்டின் பூர்வீகம் இதுதான்.

அன்றைக்குப் புதிதாகப் பேராயரான ஒன்பது பேரில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். எடின்பரோ பிரஸ்பிட்டரியில் குருப்பட்டம் பெற்று 1936ல் சென்னைக்கு வந்தவர். வந்த சில மாதத்திலேயே பஸ் விபத்தில் கால் நொறுங்கி ஊர் திரும்பினார். 1939ல் மறுபடி வந்து காஞ்சிபுரத்தில் வேலை செய்தார். அங்கே ராமகிருஷ்ண மடத்தாரோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒருவாரம் உபநிஷத்தும் மறுவாரம் யோவான் சுவிசேஷமும் படித்தார் என்பது பலரும் அறிந்தது. 37 வயதில் மதுரை - ராமநாதபுரம் பேராயர். பேராயரே கூடாது என்ற மரபில் வந்தவர் பேராயரானதைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் கிராமத்துச் சபைகளில் அந்தந்த ஊர்க்காரர்களையே, சம்பளமில்லாத ஊழியர்களாகத் தயார்செய்வதில் அவர் காட்டிய அக்கறையைப் பார்த்தால், மூப்பர் முறையை அவர் விட்டுவிடவில்லை என்பது விளங்கும்.

பின்னர் 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்து ஓய்வு பெற்றார். இங்கிலாந்துக்குத் திரும்பி, அங்கே பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்களும் சேர்ந்த சபையில் ஒரு வருஷம் மாடரேட்டராக இருந்தார். அதன்பின் செய்ததுதான் என் மனதில் நிற்கிறது. பர்மிங்ஹாம் நகரில் சிறைச்சாலைக்கு எதிரே ஒரு ஏழைப் பகுதி. அங்கிருந்த சின்னச் சபையை மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. 70 வயதில் அதைத் தானே ஏற்றுக்கொண்டு சாதாரணப் போதகராகப் போனார். இரண்டு திருமண்டலங்களைக் கட்டி ஆண்டவர், சில பேர் மட்டும் வருகிற சபையில் வீடுவீடாகக் கதவு தட்டினார். 1998ல் இறந்தார்.

எங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு பெரியவரை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பெரியகுளத்துப் பாசனத்தில் கொஞ்சம் வயல், வீட்டில் பெண்கள் பீடி சுற்றுவார்கள். கோயில் பொருளாளர் அவர். வீடுகளிலிருந்து வருகிற கைப்பிடி அரிசியை ஆராதனை முடிந்ததும் படியால் அளந்து, ஏலம் விட்டு, அங்கேயே நோட்டில் எழுதுவார். மாதக் கடைசியில் சபை முன்னால் வாசிப்பார். நாலணா வித்தியாசம் வந்தாலும் வாசிப்பார். மூன்றாம் முறை முடிந்து மறுபடியும் நிற்கச் சொன்ன குருவானவரிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "போதும் ஐயா. நாற்காலி சூடாயிட்டுன்னா எந்திக்க மனசு வராது."

அவருக்குப் பிரஸ்பிட்டேரியன் என்ற வார்த்தையே தெரிந்திருக்காது. ஆனால் மூப்பர் முறையின் சாரம் அவரிடம் இருந்தது. தனியாக முடிவெடுக்காமல் கூடிப் பேசுவது, கணக்கை எல்லோர் முன்னும் வைப்பது, காலம் முடிந்தால் எழுந்துவிடுவது என்று மூன்றே விஷயம். இந்த மூன்றையும் காப்பதற்காகத்தான் ஸ்காட்லாந்திலும் சென்னையிலும் தரங்கம்பாடியிலும் அவ்வளவு பேர் அவ்வளவு காலம் தர்க்கம் பண்ணினார்கள். அந்த மூன்றில் கடைசியைத்தான் நாம் ரொம்பச் சீக்கிரம் மறந்துவிட்டோம்.

நம் சபைகளில் இனி நிற்கப்போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். ஓட்டுக் கேட்டு வீடுகளுக்குப் போகிறீர்கள், நல்லது. ஜெயித்த பிறகும் அதே வீடுகளுக்குப் போங்கள். உங்களுக்கு ஓட்டுப்போடாத வீட்டுக்கு முதலில் போங்கள். மூப்பரின் வேலை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.