உண்டா, இல்லையா? கணிதத்தின் அடித்தளத்தில் எழுந்த ஒரு வழக்கு

ஐயத்திற்கு இடமில்லாத அறிவு எது என்று கேட்டால், நாம் தயங்காமல் கணிதத்தைச் சுட்டுவோம். நீதிமன்றத்தில் இரு சாரார் வழக்காடலாம். தத்துவத்தில் கட்சிகள் பல இருக்கலாம். கணக்கில் கட்சி ஏது என்பது நம் எண்ணம். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நின்றனர். அவர்களைப் பிரித்தது "உண்டு" என்னும் ஒரு சொல்லின் பொருளே.

ஹாலந்து நாட்டில் 1881-ஆம் ஆண்டு பிறந்த பிரௌவர், 1907-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி ஆய்வுரை அளித்துப் பட்டம் பெற்றார். கணிதம் எங்கோ வெளியே கிடந்து நாம் கண்டெடுக்கும் பொருளன்று. தாளில் எழுதும் குறிகளின் விளையாட்டும் அன்று. மனித உள்ளம் தானே படிப்படியாகக் கட்டி எழுப்புவது என்பது அவர் கொள்கை. ஒரு கணம் கழிந்து மறு கணம் வருவதை உணரும்போதே ஒன்று, இரண்டு என்னும் எண்ணம் நம்முள் பிறக்கிறது. இக்கொள்கையே உள்ளுணர்வுவாதம் எனப் பெயர் பெற்றது.

இதிலிருந்து ஒரு கடுமையான முடிவு பிறந்தது. கட்டிக் காட்டாத ஒன்றை "உண்டு" என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. 1908-இல் வெளியிட்ட கட்டுரையில், அரிஸ்டாட்டில் காலந்தொட்டு வழங்கிவந்த தருக்க விதி ஒன்றையே பிரௌவர் ஐயுற்றார். ஒரு கூற்று மெய்யாக இருக்க வேண்டும், அன்றி அதன் மறுப்பு மெய்யாக இருக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை என்பது அவ்விதி. ஒரு கூடையில் அழுகிய பழம் உண்டா என்றால், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து விடை கூறலாம். முடிவே இல்லாத கூடையை யார் பார்த்து முடிப்பது?

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுக்கக் கிடைக்கும் பை என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் தசம இலக்கங்கள் முடிவின்றிச் செல்கின்றன. அவற்றுள் 0123456789 என்ற வரிசை எங்கேனும் வருமா? "வரும், அல்லது வராது" என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். வரும் இடத்தைக் காட்டாமலும், வர இயலாது என்று நிறுவாமலும் அவ்வாறு சொல்வது வெறும் நம்பிக்கையே என்றார் பிரௌவர். 1997-இல் ஜப்பானிய அறிஞர் கனடா, கணிப்பொறியின் துணையால் 1,738 கோடி இலக்கங்களுக்கு அப்பால் அவ்வரிசையைக் கண்டார். அதனால் பிரௌவர் தோற்றார் என்று கொள்வதற்கில்லை. அதே வரிசை முடிவின்றி மீண்டும் மீண்டும் வருமா என்று கேட்டால், நாம் பழைய இடத்திலேயே நிற்கிறோம்.

எதிரணியின் தலைவர் ஜெர்மனியின் ஹில்பர்ட். தேடும் பொருளைக் கட்டிக் காட்டாமலே, அது இருந்தே தீர வேண்டும் என்று 1888-இல் நிறுவிப் புகழ் பெற்றவர் அவர். அந்த முறையைத் துறப்பது அவருக்குத் தம் வாழ்நாள் உழைப்பையே துறப்பதாகும். அவருடைய மாணவரான வைல் 1921-இல் பிரௌவரின் பக்கம் சாய்ந்தது அவரை வருத்தியது. வானியலாரிடமிருந்து தொலைநோக்கியைப் பறிப்பதற்கு ஒப்பானது இது என்று அவர் வாதிட்டார். கணிதம் முழுவதையும் குறிகளாகவும் விதிகளாகவும் அமைத்து, அதில் முரண்பாடு தோன்றாது என நிறுவ முனைந்தார்.

வாதம் பகையாக முற்றியது. 1928-இல், இருவரும் ஆசிரியர்களாக இருந்த புகழ்பெற்ற ஜெர்மானியக் கணித இதழிலிருந்து பிரௌவரை நீக்க ஹில்பர்ட் முற்பட்டார். உடன் ஆசிரியரான ஐன்ஸ்டைன் எப்பக்கமும் சேர மறுத்தார். முடிவில் ஆசிரியர் குழு புதிதாக அமைக்கப்பட்டது; பிரௌவரின் பெயர் அதில் இல்லை. மனம் கசந்த அவர் நெடுங்காலம் பெரும்பாலும் மௌனம் காத்தார்.

வெற்றி ஹில்பர்ட்டுக்கும் கிட்டவில்லை. அவர் நாடிய வகை நிறுவல் கிட்டாது என்பதை 1931-இல் கோடெலின் ஆய்வு உணர்த்தியது. பிரௌவரின் வழியும் எளிதன்று. அவருக்கே பெரும் புகழ் தந்த நிலைப்புள்ளித் தேற்றத்தின் நிறுவல் அவர் விதித்த கட்டுப்பாட்டுக்குள் அடங்கவில்லை. குறிகளை விரும்பாத அவருடைய கொள்கையை, மாணவர் ஹெய்ட்டிங் 1930-இல் குறிகளாலான தருக்கமாக வகுத்தார். அவ்வடிவிலேயே அது நிலைத்தது.

பிரௌவர் 1966-இல் காலமானார். பெரும்பாலான கணித அறிஞர்கள் இன்றும் பழைய விதியையே கையாள்கின்றனர். எனினும் கணிப்பொறி யுகம் அவரைப் புதிய மதிப்போடு நோக்குகிறது. ஒன்று உண்டு என்பதைக் கட்டிக் காட்டி நிறுவினால், அந்த நிறுவலே கணிப்பொறி பின்பற்றக்கூடிய செயல்முறையாகிவிடுகிறது. "உண்டு என்றால் காட்டு" என்ற கேள்வியை இயந்திரமும் கேட்கிறது. விதியை மறுக்காதவர்களும், அதைக் கையாளுமிடத்தில் தாம் எதை அறிந்தோம், எதை நம்பினோம் என்று பிரித்துக் காணப் பழகினர். அவ்வழக்கு நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அதுவே.