ரெண்டு பேர், ஒரு காம்பரா

தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். ஒன்று ஆளோட பெயர். மற்றது ஒரு நாள் வேலை. காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் நின்று, கேட்ட கிலோவை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான். அதனால் மாதக் கடைசியில் வீட்டில் வருகிற முதல் கேள்வி, "இந்த மாசம் எத்தன பேரு?" என்பதுதான். புருசனுக்கு இத்தனை, பொஞ்சாதிக்கு இத்தனை. ரெண்டையும் கூட்டி, கடைக் கடன், சீட்டுக்காசு, பிள்ளையோட டியூசன், அடகு வட்டி எல்லாத்தையும் கழித்துப் பார்ப்பதுதான் இங்கே குடும்பம் நடத்துவது.

மலையக வரலாறு என்று நாங்கள் படித்ததில் கங்காணி இருக்கிறார், துரை இருக்கிறார், தொழிற்சங்கம், பிரஜாவுரிமை, ஒப்பந்தம் எல்லாம் இருக்கின்றன. காம்பராவுக்குள் யார் கையில் காசு இருந்தது என்ற கேள்வி மட்டும் ரொம்ப அபூர்வம். அது வீட்டு விசயம், வரலாறு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு தோட்டத்துப் புருசன் பொஞ்சாதியின் வரவு செலவு ஒருகாலமும் அவர்களுடைய சொந்த விசயமாக விடப்பட்டதில்லை. அந்தக் கணக்குக்குள் கங்காணியும் கம்பெனியும் சட்டமும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லிப் பார்க்கிறோம்.

முதலில் ஒரு விசயம். மலையில் குடும்பங்கள் நிலைத்ததற்கே தேயிலைக்குப் பெரிய பங்கு உண்டு. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆள் வந்தால் போதும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் உயிரோடு மிஞ்சியவர்கள் திரும்பிப் போனார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி அழிந்து, மலை முழுக்கத் தேயிலையானது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். ஆகவே ஒற்றை ஆளை விடக் குடும்பமாக வருகிறவர்களைத் தோட்டம் விரும்பியது. அவன் கவ்வாத்து வெட்ட, அவள் கொழுந்து பறிக்க, பிள்ளை புல்லு வெட்ட. ஒரு கல்யாணம் தோட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பேர்களைக் கொடுத்தது.

அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது வழக்கமான அளவு. முன்னால் ஒரு இஸ்தோப்பு. சமையல், படுக்கை, பிரசவம், சண்டை, சமாதானம் எல்லாம் அதற்குள்தான். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். புதுசா கல்யாணம் முடித்தவர்களுக்கு ஒரு சீலையைக் குறுக்கே கட்டி மூலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். மாமனார் மாமியார் இஸ்தோப்பில் படுத்துக்கொள்வார்கள். இது ரொம்பப் பழங்கதை என்று யாராவது சொன்னால், இன்னும் லயத்தில் இருக்கிற எங்கள் கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

காசுக்கு வருவோம். பெரிய கங்காணி ஆள் கட்டி வரும்போதே வழிச்செலவு, ஊர்க் கடன் எல்லாம் முன்பணமாக ஏறிவிடும். வந்த பிறகு அரிசி, கம்பளி என்று கடன் கூடும். இந்தக் கடன் ஒரு தாளில் இருந்தது. அதற்குப் பேர் துண்டு. இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விட்டுவிடத் தயார் என்று அதில் எழுதியிருக்கும். அதாவது ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போவது என்றால், அவர்களுடைய கடனை அந்தத் தோட்டம் வாங்க வேண்டும். ஆட்கள் வேலைக்கு வரும் நாளெல்லாம் கங்காணிக்குத் தலைக்காசு வேறு. காய்ச்சலில் படுத்த பொஞ்சாதியை வேலைக்கு அனுப்பச் சொல்லிக் கங்காணி வாசலில் நின்றால், அதற்குப் பின்னால் அந்தச் சில சதக் கணக்கும் இருந்தது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தாள் போனாலும் முன்பணம் வாங்கிச் சம்பளத்தில் கழிக்கிற முறை போகவில்லை. தீபாவளி அட்வான்ஸை மாதாமாதம் கழிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாங்களும்.

1927இல் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்கு ஆகக்குறைந்த சம்பளம் நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. அதன்படி 1929இல் மேல்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்த நாட்சம்பளம் இது: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இந்த மூன்று எண்ணையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஆணுக்கு ஒரு ரூபா என்றால் பெண்ணுக்கு 80 சதம் என்று சட்டமே சொல்லிவிட்டது. மாதம் 25 பேர் போட்டால் அவனுக்கு 13 ரூபா 50 சதம், அவளுக்கு 10 ரூபா 75 சதம். தோட்டத்துக்கு ஏற்றுமதிப் பணம் கொண்டுவருகிற கொழுந்தை எடுத்தவள் அவள்தான். ஆனாலும் வித்தியாசம் மாதம் 2 ரூபா 75 சதம். ஆகக்குறைந்த சம்பளம் வந்தது பெரிய வெற்றிதான், அதில் சந்தேகமில்லை. அதற்கு முன் கேட்க ஒரு எண்கூட இல்லை. ஆனால் அந்த வெற்றிக்குள்ளேயே வீட்டில் யார் பெரியவர் என்பதும் எழுதப்பட்டிருந்தது.

இதைவிட மோசமான வழக்கம் ஒன்று உண்டு. சம்பள நாளில் பொஞ்சாதியின் சம்பளத்தையும் புருசனே வாங்கினான். கல்யாணமாகாத பெண் என்றால் அப்பன் வாங்கினார். அவள் மலையில் நிற்கும் நேரத்தில் அவளுடைய காசு வேறொருவர் கைக்குப் போனது. தோட்ட நிர்வாகம் இதைத் தப்பாக நினைக்கவில்லை, தொழிற்சங்கங்களும் நீண்ட காலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் தோட்டப் பெண்களைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாங்கள் அதைப் படிக்கும்போது புதுசா ஒன்றும் தெரிந்துகொண்ட மாதிரி இல்லை. எங்கள் அம்மாயிகள் சொன்னது அச்சில் வந்திருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

சங்கம் வளர்ந்த கதையிலும் ஒரு புருசன் பொஞ்சாதி இருக்கிறார்கள். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தலைமையகமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக எழுதினார், கூட்டங்களில் தானே பாடினார். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் தேயிலை விலை சரிந்து, தோட்டச் சம்பளம் வெட்டப்பட்ட காலம் அது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் நடேசய்யருக்குக் கிடைக்கிற பக்கங்களில் பாதிகூட மீனாட்சியம்மாளுக்குக் கிடைப்பதில்லை. வீட்டுக் கணக்கில் நடந்ததே வரலாற்றுக் கணக்கிலும் நடந்திருக்கிறது.

கஷ்டத்தை மட்டும் எழுதிவிட்டுப் போனால் அதுவும் பொய்யாகிவிடும். கொழுந்து நிறைய வரும் காலத்தில் கைக்காசு கிடைக்கும். கைக்காசு என்றால் வழமையான பேருக்கு வெளியே எடுத்த கொழுந்துக்குக் கொடுக்கிற காசு. பல வீடுகளில் அந்தச் சில்லறைதான் பெண்கள் கையில் தங்கியது. அரிசி டின்னுக்கு அடியிலும் சேலை மடிப்பிலும் அது இருந்தது. அதிலிருந்துதான் சீட்டு வந்தது, சீட்டிலிருந்து தோடு வந்தது, தோடு அடகுக்குப் போய்ப் பிள்ளையோட சப்பாத்தாகத் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி, ஆளுக்கொரு வடை தின்றுவிட்டு வருவது ஒரு சுகம். இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ரொட்டி தட்டுவது இன்னொன்று. உலகத்துக்கு நல்ல தேயிலையை அனுப்பிவிட்டு, மிஞ்சின தூளில் வெறுந்தேத்தண்ணி போட்டு, சீனியைக் கடித்துக்கொண்டு இஸ்தோப்பில் ரெண்டு பேரும் உட்கார்ந்து குடிப்பதும் அப்படித்தான்.

மாசியில் காமன் கூத்து வரும். மன்மதனைச் சிவன் எரித்ததும், ரதி புருசனைக் கேட்டு அழுவதும்தான் கதை. ரதி வேசம் கட்டுகிறவர் ஆண். லயமே கூடி நின்று அழும். தன் புருசனிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேச ஒரு தனி அறைகூட இல்லாத சனம், ஒரு பொஞ்சாதியின் துக்கத்தை ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்த்தது. அது பக்தி மட்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்தச் சனத்தை நாடற்றவர்களாக்கியது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருசம், இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதிலும் கல்யாணமும் காசும் இருந்தன. கல்யாணம் முடித்தவர் தொடர்ச்சியாக 7 வருசம், முடிக்காதவர் 10 வருசம் இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். நியாயமான, நிச்சயமான வருமானம் இருப்பதையும் காட்ட வேண்டும். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, லயமே சாப்பிட்ட கல்யாணத்துக்குப் பதிவுத்தாள் எங்கே இருக்கும்? நூறு வருசம் குறைந்த சம்பளம் கொடுத்துவிட்டு, உனக்குப் போதிய வருமானம் உண்டா என்று கேட்டால் என்ன சொல்வது? சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தங்கச்சிக்கு இலங்கை. கல்யாணம் பேசும்போது பொருத்தத்தோடு பாஸ்போர்ட்டும் பார்க்க வேண்டி வந்தது. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ரெண்டு பேர் சேர்ந்து கட்டின வாழ்க்கைக்கு ரெண்டு அரசாங்கங்கள் எழுதிவைத்த தொகை அது. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குச் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தது.

பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் வந்தது 1984இல், பெரிய வேலைநிறுத்தம் ஒன்றுக்குப் பிறகு. 1929லிருந்து கணக்குப் பார்த்தால் 55 வருசம். அதற்குப் பிறகும் கவ்வாத்துக்குப் போன புருசன் பகலோடு வீட்டுக்கு வந்துவிடுவான், கொழுந்துக்குப் போனவள் சாயங்காலம் நிறுவை முடித்துத்தான் வருவாள். வந்ததும் அடுப்பு. பேர் ஒன்றுதான், நேரம் ஒன்றில்லை.

"குடிச்சே அழிச்சிட்டானுங்க" என்று வெளியில் லேசாகச் சொல்வார்கள். குடியால் எங்கள் வீட்டுப் பெண்கள் பட்டதை நாங்கள் மறைக்கப் போவதில்லை. பொஞ்சாதியின் சம்பளமும் புருசன் கைக்குப் போன இடத்தில் குடி அவளுடைய சாப்பாட்டையும் சேர்த்தே குடித்தது. ஆனால் சாராயக் குத்தகையைத் தன் வருமானமாக வைத்திருந்தது காலனி அரசு. மாதச் சம்பளத்தில் மிச்சம் வராதபடி சம்பளத்தை வைத்திருந்தது கம்பெனி. இந்த ரெண்டையும் சொல்லாமல் குடியை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது, 2024 செப்டம்பரில் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. ஒவ்வொரு தடவையும் டிவியில் அந்த எண்ணைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள், எத்தனை கிலோவுக்கு ஒரு பேர், அட்வான்ஸ் எவ்வளவு கழியும், மிச்சம் யார் கையில் நிற்கும் என்ற கேள்விகளை டிவி கேட்கவில்லை. வீட்டில் கேட்டார்கள். வாராவாரம் தவணை கேட்டு நுண்கடன்காரர் வந்து நிற்கிற வாசல்களில் இன்னும் கேட்கிறார்கள். பழைய கங்காணி நின்ற அதே வாசல்.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டு, சீட்டுக் கணக்குக் கொப்பி, அடகுத் துண்டு ஏதாவது இருக்கும். தூக்கி எறிய வேண்டாம். அம்மாயியிடம் உட்கார்ந்து, "ஒங்க சம்பளத்த யாரு வாங்குனா? கைக்காச எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார். அப்புறம் சொல்லத் தொடங்குவார். அதை அப்படியே எழுதிவையுங்கள்.