சூரிய மின்கலங்களைத் தேய்க்கும் விண்வெளிக் கதிர்வீச்சு

விண்வெளியில் மேகமில்லை. ஆனாலும் செயற்கைக்கோள்களின் சூரிய மின்கலங்கள் ஆண்டு செல்லச் செல்ல மின்சாரத்தைக் குறைத்தே தருகின்றன. காரணம் கதிர்வீச்சு. பூமியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் பட்டைகளில் அதிவேகமாகப் பாயும் எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் மின்கலத்தினுள் புகுந்து, ஒழுங்காக அடுக்கப்பட்ட சிலிக்கான் அணுக்களை இடம்பெயர்த்துவிடுகின்றன. சூரிய ஒளியால் உண்டாகும் மின்னூட்டங்கள் இந்தப் பழுதுகளில் சிக்கி, வெளியே வருமுன்பே வீணாகின்றன.

மனிதன் தன் கையாலேயே இந்தச் சேதத்தை உண்டாக்கியதும் உண்டு. 1962 ஜூலை 9 அன்று, பசிபிக் கடலிலுள்ள ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே சுமார் 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' என்பது அதன் பெயர். வெடிப்பில் கிளம்பிய எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிச் சுற்றத் தொடங்கின. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1இன் மின்கலங்கள் பழுதாயின. அதை அந்த ஏப்ரலில் ஏவிக்கொடுத்ததும் அமெரிக்காதான்!

மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டாரின் மின்கலங்களுக்குச் செயற்கை நீலக்கல் தகடுகள் கவசமாக இருந்தன. ஆனால் உள்ளிருந்த டிரான்சிஸ்டர்களைக் கதிர்வீச்சு கெடுத்ததால், 1963 பிப்ரவரியில் அது ஓய்ந்தது.

இன்று மெல்லிய கண்ணாடி மூடியும், சிலிக்கானைவிட அதிகம் தாங்கும் காலியம் ஆர்சனைடு மின்கலங்களும் உதவுகின்றன. அப்படியும் தேய்மானம் நிற்பதில்லை. ஆகவே, கடைசி ஆண்டுக்கும் மின்சாரம் போதும்படி, பலகைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகவே அமைத்து அனுப்புகிறார்கள்.