மூச்சுத் துருத்தி



ஓட்டப் பந்தயம் முடிந்தவுடன் ஓடியவர் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது. சற்று நேரம் நின்றால் அது அடங்கிவிடும். ஆனால் சிலருக்கு மட்டும் அது அடங்குவதில்லை. ஓட்டம் நின்று ஐந்து அல்லது பத்து நிமிடம் கழிந்த பிறகு அவர்களுக்கு நெஞ்சு இறுகுகிறது, இருமல் எழுகிறது, மூச்சை வெளிவிடும்போது சீழ்க்கை போன்ற ஒலி கேட்கிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் அது தணிந்துவிடும். உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமா என்று மருத்துவர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர்.

இவ்வாறு துன்புறும் ஒரு மாணவனைக் கண்டதும், “இவனுக்குப் பயிற்சி போதாது” என்று தோழர்கள் சொல்லுகின்றனர். “இனி நீ ஓடவே வேண்டாம்” என்று பெற்றோர் சொல்லுகின்றனர். இவ்விரண்டு தீர்ப்புகளுமே தவறானவை. இவை தவறென்று மருத்துவ உலகம் தெளிவடைவதற்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த நெடிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

‘ஆஸ்துமா’ என்பது கிரேக்கச் சொல். மூச்சிரைத்தல் என்பதே அதன் முதற்பொருள். ஹோமரின் ‘இலியட்’ காவியத்தில் அச்சொல் ஒரு நோயைக் குறிக்கவில்லை. இளைப்பெடுத்து விடும் மூச்சையே குறிக்கின்றது. அதனை ஒரு நோயின் பெயராகத் தெளிவுற விளக்கியவர்களுள் முதன்மையானவர், கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட முதலிரண்டு நூற்றாண்டுகளுள் வாழ்ந்த அரெத்தேயுஸ் என்னும் கிரேக்க மருத்துவர். இன்றைய துருக்கி நாட்டின் ஒரு பகுதியான கப்பதோசியாவைச் சேர்ந்தவர் அவர். ஓடுவதாலோ, உடற்பயிற்சியாலோ, வேறு உழைப்பாலோ மூச்சு விடுவது கடினமானால் அதற்கு ஆஸ்துமா என்று பெயர் என அவர் எழுதினார். ஆகவே, இந்நோயின் இலக்கணமே ஓட்டக்களத்தில் பிறந்தது எனலாம்.

இரண்டாம் நூற்றாண்டில், அதே நிலப்பகுதியைச் சேர்ந்த பெர்காமம் நகரில் கேலன் என்னும் மருத்துவர் இருந்தார். வாட்போர் வீரர்களுக்குச் சிகிச்சை செய்வது அவருடைய தொழிலாக இருந்தது. விலங்குகளின் நரம்புகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்து, மூச்சு தானாக உள்ளே புகுவதன்று, தசைகளின் இயக்கமே அதனை உள்ளிழுக்கின்றது என்று அவர் காட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் குடை போல் கவிந்திருக்கும் உதரவிதானமும், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் அவ்வேலையைச் செய்கின்றன.

கொல்லன் உலைக்களத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே துருத்தி ஒன்று உண்டு; காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் ஒன்றும் உண்டு. குழாய் அடைபட்டால் துருத்தி மிதிப்பவனுக்குக் கால் ஓய்ந்துபோகும். அரெத்தேயுஸ் கண்டது குழாயின் நோயை. கேலன் கண்டது துருத்தியின் வலிமையை. இவ்விரண்டு அறிவும் ஒன்றுசேர நெடுங்காலம் சென்றது. முதலில் குழாயின் கதையைப் பார்ப்போம்.

1698-ஆம் ஆண்டில் சர் ஜான் ஃபிளாயர் என்னும் ஆங்கில மருத்துவர் ஆஸ்துமாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவரே அந்நோயால் வருந்தியவர். எல்லா உடற்பயிற்சியும் ஒரே அளவில் துன்பம் தருவதில்லை என்பதை அவர் தம் அனுபவத்தால் அறிந்து எழுதினார். 1860-ஆம் ஆண்டில் ஆஸ்துமா நூல் இயற்றிய ஹென்றி ஹைட் சால்ட்டரும் அந்நோய்க்கு ஆளானவரே. குளிர்ந்த காற்று விரைந்து உட்புகுவதற்கும் மூச்சுத் திணறலுக்கும் தொடர்பு உண்டென்று அவர் கருதினார். நோயாளியே ஆராய்ச்சியாளராகவும் இருந்தமையால் கிடைத்த நுண்ணறிவு இது.

இருபதாம் நூற்றாண்டில் ஊகம் அளவீடாக மாறியது. 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை ஓடச் செய்து, ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் அவர்கள் வெளிவிடும் மூச்சின் ஆற்றலை அளந்தனர். 1971-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஃபிட்ச், மார்ட்டன் என்ற இருவர் ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். ஓட்டமே நோயை மிகுதியாகத் தூண்டுகின்றது, நீச்சலே குறைவாகத் தூண்டுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதன் காரணம் என்ன? ஓய்வாக இருக்கும்போது நாம் நிமிடத்திற்கு ஐந்தாறு லிட்டர் காற்றையே உள்ளிழுக்கிறோம். கடும்போட்டியில் ஈடுபடும் வீரர் நூறு லிட்டருக்கு மேலும் இழுப்பார். அவ்வளவு காற்றையும் நனைத்து வெதுவெதுப்பாக்கி அனுப்ப மூக்கினால் இயலாது. வாயின் வழியே அது நேராக உட்செல்கிறது. அதனால் மூச்சுக்குழாயின் உட்சுவர் குளிர்ந்து உலர்கின்றது. அங்குள்ள நீர்மத்தில் உப்பு செறிவடைகின்றது. உடனே சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளிவிட, குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. நீச்சற் குளத்தின் மேலுள்ள காற்று ஈரமானது. ஆதலின் அங்கே தொல்லை குறைகிறது. இவ்விளக்கம் 1970-களிலும் அதற்குப் பின்னரும் உருப்பெற்றது.

விஞ்ஞானம் இவ்வாறு முன்னேறிக்கொண்டிருந்த வேளையில், விளையாட்டு அரங்கில் ஒரு துயர நிகழ்ச்சி நடந்தது. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் அமெரிக்காவின் ரிக் டிமான்ட் என்னும் பதினாறு வயது இளைஞர் முதலிடம் பெற்றார். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியரான பிராட் கூப்பரை அவர் வென்றது ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில். ஆனால் அவர் வழக்கமாக உட்கொண்டுவந்த ஆஸ்துமா மருந்தில் எபிட்ரின் என்னும் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. அவருடைய தங்கப் பதக்கம் பறிக்கப்பட்டது. 1500 மீட்டர் போட்டியில் கலந்துகொள்ளவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பெல்கிரேடில் நடந்த உலகப் போட்டியில் அவர் மீண்டும் கூப்பரை வென்றார். 400 மீட்டர் தூரத்தை நான்கு நிமிடத்திற்குள் நீந்திய முதல் மனிதர் என்ற பெருமையையும் அடைந்தார். தாம் உட்கொள்ளும் மருந்தை அவர் முன்கூட்டியே முறைப்படி தெரிவித்திருந்தார் என்று அமெரிக்க ஒலிம்பிக் குழு 2001-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. ஆயினும் பதக்கம் அவருக்குத் திரும்ப வழங்கப்படவில்லை.

அந்த இழப்பு வீண்போகவில்லை. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிற்கு அமெரிக்கா தன் வீரர்களை முன்னதாகவே ஆராய்ந்தது. 597 பேருள் 67 பேருக்கு இத்தகைய ஆஸ்துமா இருப்பதாகத் தெரிந்தது. தக்க சிகிச்சையுடன் போட்டியிட்ட அந்த 67 பேர் வென்ற பதக்கங்கள் 41. ஆஸ்துமா உள்ளவன் களத்தில் நிற்கத் தகாதவன் என்ற எண்ணத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமோ?

இனித் துருத்தியின் கதைக்கு வருவோம். கை தசைக்கும் கால் தசைக்கும் பயிற்சி தருவதுபோல மூச்சுத் தசைக்கும் தனியே பயிற்சி தர இயலுமா? 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லீத், பிராட்லி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இக்கேள்விக்கு விடை கண்டனர். அவர்கள் பன்னிரண்டு பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு தடைக்கு எதிராக வலிந்து மூச்சிழுத்துப் பழகியது. மற்றொன்று நெடுநேரம் விரைந்து மூச்சு விட்டுப் பழகியது. மூன்றாவது குழுவுக்குப் பயிற்சியே இல்லை. ஐந்து வாரங்கள் கழிந்தன. வலிமைப் பயிற்சி பெற்றோரின் மூச்சுத் தசை வலிமை ஏறத்தாழ 55 விழுக்காடு கூடியது. நீடித்த பயிற்சி பெற்றோருக்குத் தாங்கும் ஆற்றல் வளர்ந்தது. எதைப் பழகுகிறோமோ அதுவே வளர்கிறது என்ற உடற்பயிற்சியின் பொதுவிதி மூச்சுத் தசைக்கும் பொருந்துவது உறுதியாயிற்று.

ஆஸ்துமா உள்ளவருக்கு இதனால் என்ன பயன்? குழாய் குறுகும்போது உள்ளே சென்ற காற்று முழுவதும் வெளியேறுவதில்லை. நுரையீரல் உப்பியவாறே நிற்கின்றது. குடை போன்ற உதரவிதானம் தட்டையாகிவிடுகின்றது. தட்டையான அந்நிலையிலிருந்து அது வலிவாக இழுக்க இயலாது. வேலையோ கூடுகிறது, வலிமையோ குறைகிறது. இதுவே ‘மூச்சு முட்டுகிறது’ என்ற உணர்வை மிகுவிக்கின்றது. 1992-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டில் வெய்னர் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஆறு மாத காலம் மூச்சுத் தசைப் பயிற்சி அளித்து, வலிமை கூடியதையும் நோயின் தொல்லை குறைந்ததையும் அறிவித்தனர்.

1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் டெம்ப்சி என்பவரின் குழுவினர் மற்றோர் உண்மையைக் கண்டனர். கடும் உழைப்பின்போது மூச்சுத் தசைகளும் கால் தசைகளும் குருதிக்காகப் போட்டியிடுகின்றன. மூச்சின் சுமையை ஓர் இயந்திரம் தாங்கியபோது காலுக்குச் செல்லும் குருதி மிகுந்தது. சுமையைக் கூட்டியபோது அது குறைந்தது. ஆகவே ஓடுபவனின் கால் சோர்வதற்கு அவனுடைய மூச்சும் ஒரு காரணமாகலாம். 2001-ஆம் ஆண்டில் படகு வலிக்கும் வீராங்கனைகளிடம் நடத்திய ஆய்வொன்றும் மூச்சுத் தசைப் பயிற்சிக்குச் சார்பாகவே அமைந்தது.

பயிற்சி முறை எளிது. உள்ளிழுக்கும்போது மட்டும் தடை தரும் சிறு கருவி ஒன்றை வாயில் வைத்து, ஒருவர் தம் முழு ஆற்றலில் ஏறத்தாழப் பாதியளவு தடைக்கு எதிராக, காலையில் முப்பது முறையும் மாலையில் முப்பது முறையும் மூச்சிழுப்பது வழக்கம். சில வாரங்களில் வலிமை தெரியவரும்.

நண்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. புதிய முறை ஒன்று தோன்றியவுடன் அதனைச் சர்வரோக நிவாரணி என்று போற்றுவது மனித இயல்பு. ஆஸ்துமா உள்ள 113 பேரிடம் நடந்த ஐந்து ஆய்வுகளை 2013-ஆம் ஆண்டில் ஒருங்கே எடைபோட்டுப் பார்த்தனர். உள்ளிழுக்கும் தசையின் வலிமை கூடுவது உண்மை. ஆனால் இப்பயிற்சி நோயையே குறைக்கின்றது என்று சொல்லவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் தந்த தீர்ப்பு. துருத்தியை வலுப்படுத்துவதால் குழாயின் அடைப்பு நீங்கிவிடாது. குழாய்க்கு மருந்து வேண்டும்.

அம்மருந்துகளும் படிப்படியாகவே வந்தன. அளவாகத் தெளிக்கும் மூச்சுக் கருவி 1956-ஆம் ஆண்டிலும், சால்பியூட்டமால் 1969-ஆம் ஆண்டிலும் வழக்கிற்கு வந்தன. திணறலை அப்போதைக்குத் தணிக்கும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருத்தல் கூடாது, அழற்சியை ஆற்றும் மருந்தும் உடன் வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டில் உலக வழிகாட்டி நெறி அறிவுறுத்தியது. ஓட்டத்திற்கு முன் உடலை மெல்ல மெல்லச் சூடேற்றிக் கொண்டால், அதன்பின் சிறிது காலம் நோய் எழாமல் இருப்பதும் பலரிடம் காணப்பட்ட உண்மை. மூச்சு வாங்குவதெல்லாம் ஆஸ்துமாவும் அன்று. ஓடும்போது குரல்வளை குறுகுவதாலும் சிலருக்கு மூச்சு முட்டும். எது என்று அளந்து சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

அரெத்தேயுஸ் காலந்தொட்டு இன்றுவரை இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றே. மூச்சிரைத்து நிற்பவனைக் கோழை என்று இகழ்வதும், நோயாளி என்று ஒதுக்குவதும் அறியாமை. அவனுடைய குழாய்க்கு மருந்தும், துருத்திக்குப் பயிற்சியும் அளித்தால் அவனும் ஓடுவான். உங்கள் பள்ளித் திடலின் ஓரத்தில், மார்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மாணவன் ஒதுங்கி நிற்கக்கூடும். அவனை ஏளனம் செய்யாதீர்கள்; தனியே விட்டுவிடவும் வேண்டா. அருகிற் சென்று அமரச் செய்யுங்கள். மருந்து இருப்பின் எடுத்துக்கொடுங்கள். திணறல் தணியாவிடில் உடனே ஆசிரியரிடம் சொல்லி மருத்துவரை நாடுங்கள். தணிந்துவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுமாறு அவனிடம் சொல்லுங்கள். அதன்பின் அவன் திரும்பி வரும் நாளில், ஓட்டக் கோட்டில் அவனுக்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள்.