தலவில அன்னம்மாளும் சாமுவேலின் தாயும்

நுரைச்சோலை தாண்டி கற்பிட்டிப் பக்கம் போனால் தலவில. அங்க இருக்கிற புனித அன்னம்மாள் ஆலயத்தை, "அது அவங்கட கோயில்" என்று சொல்லிக் கடந்து போறவங்கள் எங்கட பக்கம் இருக்காங்க.

மரியாளின் தாயான இந்த அன்னம்மாளின் பெயர் புதிய ஏற்பாட்டில் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் யாக்கோபின் பெயரில் வந்த ஒரு நூல்தான் அவரின் கதையைச் சொல்லுது. அந்தக் கதைக்கு அச்சு எபிரேய வேதம், 1 சாமுவேல். பிள்ளையில்லாத அன்னா சீலோவில் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து மன்றாடுகிறார். குரு ஏலியோ, குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறார் (வாசிக்கும்போதே கோபம் வரும்). ஆண் பிள்ளை தந்தால் உமக்கே தருவேன் என்ற நேர்த்தியில் பிறந்தவர் சாமுவேல். லூக்காவில் மரியாள் பாடுவதும் அன்னாவின் பாட்டை ஒட்டித்தான்.

குர்ஆனில், ஆல இம்ரான் அத்தியாயத்தில், இம்ரானின் மனைவியும் வயிற்றுப் பிள்ளையை இறைவனுக்கு நேர்கிறார். பிறப்பது மர்யம். முஸ்லிம் மரபு அந்தத் தாய்க்குச் சொல்லும் பெயர் ஹன்னா.